இரவு 11:57

என் பாடத்தில் ஒரு செமஸ்டருக்கு நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். நான்குக்கும் கெடு இரவு 11:59. எல்லாம் இணையவழியில்தான் என்பதால், யார் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்பது நிமிடச் சுத்தமாக எனக்குத் தெரிந்துவிடும். திருத்த உட்காரும் முன் அந்த நேரப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிடுவேன். சில சமயம் கட்டுரைகளைவிடப் பட்டியல் சுவாரசியமாக இருக்கும். மூன்று நாள் முன்னதாகவே ஓரிருவர். பிறகு வெறும் வெளி. கடைசி நாள் சாயங்காலம் தூறல் மாதிரி ஒன்றிரண்டு. இரவு பத்துக்கு மேல் கொட்ட ஆரம்பிக்கும். 11:50-க்குப் பிறகு வந்து விழுவது ஏறக்குறைய பாதி வகுப்பு.

அந்தப் பாதியில் ஒரு பெண் இருந்தாள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரத்தை மட்டும் மாற்றவில்லை. முதல் மூன்று கட்டுரைகளும் 11:55-ஐத் தாண்டித்தான் வந்தன. மூன்றாவது 11:57. நன்றாக எழுதுகிறவள், அதில்தான் சிக்கலே. மோசமாக எழுதியிருந்தால் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

"நாலு நாள் முன்னாடியே உட்கார்ந்தா என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உட்கார்ந்து பார்த்தேன் மேம், வரல. பிரஷர் இருந்தாத்தான் எனக்கு வரும்."

"பிரஷர் வர்ற வரைக்கும் என்ன பண்ணுவே?"

கொஞ்சம் யோசித்தாள். "ரூமைச் சுத்தம் பண்ணுவேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். நான் சிரித்தது வேறு காரணத்துக்காக. அப்படிப் பளபளவென்று துடைத்து வைத்த அறைகள் என் கணக்கில் அவளைவிட அதிகம்.

சோம்பேறி என்ற சொல் இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. சோம்பேறி படுத்துக் கிடப்பான். தள்ளிப்போடுகிறவர் படுப்பதில்லை. அலமாரியை அடுக்குவார், நோட்டுக்கு அட்டை போடுவார், படிக்க வேண்டியதன் பட்டியலை நான்கு நிறத்தில் எழுதுவார், நண்பனின் கட்டுரையைக்கூட உட்கார்ந்து திருத்திக் கொடுப்பார். தன்னுடையதைத் தவிர எல்லா வேலையும் நடக்கும். குறளில் 'நெடுநீர்' என்று ஒரு சொல் வருகிறது. விரைந்து செய்ய வேண்டியதை நீட்டிப்பது என்று பொருள். மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று நான்கைச் சொல்லும்போது நெடுநீர், மறவி, மடி, துயில் என்று தனித்தனியாகவே எண்ணுகிறார் வள்ளுவர். நீட்டிப்பது ஒன்று, மறதி மற்றொன்று, சோம்பல் வேறொன்று, தூக்கம் இன்னொன்று. நான்கையும் ஒரே கப்பலில்தான் ஏற்றினார் என்றாலும், நான்கையும் ஒன்று என்று சொல்லவில்லை. இத்தனை நூற்றாண்டு கழித்து நாம் எல்லாவற்றையும் 'சோம்பேறித்தனம்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டோம்.

எனக்கு இது தொடங்கிய நாள் நினைவிருக்கிறது. முதுகலை முதலாண்டு. ஒரு கட்டுரைக்கு ஐந்து வாரம் தந்திருந்தார்கள். ஐந்து வாரமும் அதைப் பற்றிப் பேசினேன், கவலைப்பட்டேன், நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்து வந்து கண்ணில் படும்படி அடுக்கினேன். கடைசி இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, விடிகாலை ஐந்தரைக்கு முடித்தேன். முடித்ததைத் திரும்பப் படிக்கவில்லை. வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

அன்றைக்குக் குறைந்த மதிப்பெண் வந்திருந்தால் என் வாழ்க்கையில் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த மதிப்பெண் எனக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, நான் கெட்டிக்காரி. இரண்டு, எப்படி என்று எனக்கே தெரியாது. முதலாவதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டேன். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பழைய ஆய்வைப் படித்தபோது அந்த இரண்டாவது விஷயம் மேலே வந்தது. 1978-இல் ஸ்டீவன் பெர்க்ளாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்தியது. மாணவர்களுக்கு முதலில் ஒரு தேர்வு. ஒரு சாராருக்கு யோசித்தால் விடை கிடைக்கும் கேள்விகள். மற்றவர்களுக்குத் தரப்பட்டவை பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகள். குத்துமதிப்பாகத்தான் எதையாவது குறித்திருக்க முடியும். ஆனால் முடிவில், பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள் என்று இரு சாராரிடமும் சொன்னார்கள். அடுத்து, அதே மாதிரி இரண்டாவது தேர்வு. அதற்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று சொல்லப்பட்டது.

தெரிந்து எழுதி வென்றவர்கள் பெரும்பாலும் மந்த மருந்தின் பக்கம் போகவில்லை. குருட்டாம்போக்கில் வென்றவர்கள்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள், அவர்களிலும் குறிப்பாக ஆண்கள். பெண்களிடம் இது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஏன் கேட்டு வாங்க வேண்டும்? எப்படி வந்தது என்றே தெரியாத ஒரு நல்ல பெயரை இரண்டாம் முறை நிரூபிக்கச் சொல்கிறார்கள். மருந்து கைவசம் இருந்தால், தோற்றாலும் 'மருந்தினால்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஜெயித்துவிட்டாலோ, 'மருந்தையும் மீறி' என்றாகிவிடும். எப்படி விழுந்தாலும் அடிபடாது.

கடைசி இரவு என்பது நான் கேட்டு வாங்கிய மந்த மருந்து. ஐந்து வாரம் உழைத்து எழுதிய கட்டுரைக்குச் சுமாரான மதிப்பெண் வந்தால் அது என்னைப் பற்றிய தகவல். ஒரே ராத்திரியில் எழுதியதற்கு அதே மதிப்பெண் வந்தால் அது வெறும் அந்த ராத்திரியைப் பற்றிய தகவல். "ஒரு நைட்ல எழுதினதுக்கே இவ்வளவு" என்ற வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும். முழுதாக முயன்றால் எவ்வளவு வரும் என்ற கேள்வியை அந்த வாக்கியம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது.

பெரியவர்கள் இந்தப் பழக்கத்துக்கு எதிராக எடுக்கும் ஆயுதம் எப்போதும் மதிப்பெண்தான். இப்படியே இருந்தால் ஃபெயிலாகிவிடுவாய் என்று மிரட்டுவார்கள். எனக்கு அந்த மிரட்டலில் நம்பிக்கை இல்லை. காரணம், அது பெரும்பாலும் பலிப்பதில்லை. 2015-இல் கிம், சியோ என்ற இருவர் 33 ஆய்வுகளை, மொத்தம் 38 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி, தள்ளிப்போடுவதற்கும் கல்வித் தேர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார்கள். தொடர்பு இருந்தது, எதிர்த்திசையில்தான். ஆனால் அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண், அதாவது சராசரி ஒட்டுறவுக் கெழு, −0.13 (தொடர்பே இல்லாவிட்டால் 0, முழு எதிர்த்தொடர்பு என்றால் −1). இதை வர்க்கப்படுத்தினால், மாணவர்களின் மதிப்பெண்ணில் இருக்கும் ஏற்றத்தாழ்வில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கையே தள்ளிப்போடுதலோடு சேர்த்துக் கணக்குக் காட்ட முடியும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'நீ தள்ளிப்போடுவாயா?' என்று மாணவரையே கேட்டு அளந்த ஆய்வுகளில் தொடர்பு மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் உண்மையில் எப்போது வேலையை முடித்தார் என்பதை வெளியிலிருந்து பார்த்து அளந்தால் கூடுதலாகத் தெரிந்தது. நம்மைப் பற்றி நாமே சொல்லும் வாக்குமூலத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

ஆக, மதிப்பெண் கொஞ்சம் குறையும். குடி முழுகாது. மாணவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அதனால்தான் மிரட்டல் அவர்களிடம் எடுபடுவதில்லை. நஷ்டம் வேறு பக்கத்தில் இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் அதற்கென்று ஒரு பத்தி கிடையாது.

டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறு பக்கத்தைத் தொட்டது. ஒரு செமஸ்டர் முழுவதும் மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். செமஸ்டரின் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிறவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள். உடல்நலக் குறைவும் மன அழுத்தமும் அவர்களுக்குத்தான் குறைவு. செமஸ்டர் முடிவில் படம் தலைகீழ். கடைசியில் ஏறிய சுமை, தொடக்கத்தில் கிடைத்த நிம்மதியைவிட அதிகம். மதிப்பெண்ணும் குறைந்தது. படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: தொடக்கத்தில் அவர்களுக்கு நிம்மதியாவது கிடைத்திருக்கிறது. எனக்கு அதுவும் கிடைத்ததில்லை. வேலை செய்யாத நேரமெல்லாம் நான் ஓய்வாக இருந்தேனா என்றால், இல்லை. படம் பார்க்கப் போனால் இடைவேளையில் கட்டுரை ஞாபகம். நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் ஒரு பிசைவு. வேலையும் நடக்கவில்லை, விடுப்பும் அனுபவிக்கவில்லை. ஐந்து வாரத்தையும் கெடுத்துவிட்டு ஓர் இரவைக் காப்பாற்றியிருக்கிறேன்.

இதெல்லாம் கட்டுரை அளவில் தாக்குப்பிடிக்கும். ஆய்வேட்டில் பிடிக்காது. இருநூறு பக்கத்தை ஓர் இரவில் எழுத முடியாது என்பது எனக்குப் புத்திக்குத் தெரிந்திருந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. ஆய்வில் சேர்ந்ததும் அழகாக ஓர் அட்டவணை போட்டேன். இரண்டாம் இயல் ஆறு வாரம், மூன்றாம் இயல் எட்டு வாரம் என்று கட்டம் கட்டி சுவரில் ஒட்டினேன். தன் காலக்கணக்கில் யாரும் யோக்கியர் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை இறுதியாண்டு உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமாகக் கற்பனை செய்த கணக்கையும் நிஜம் ஒரு வாரம் தாண்டிப் போயிருக்கிறது.

என் அட்டவணை நான்காவது வாரமே பொய்யானது. அதைக் கிழித்துப் போடவும் மனமில்லை, திருத்தவும் இல்லை. அந்தச் சுவரைப் பார்க்காமல் உட்காரும்படி மேசையைத் திருப்பிப் போட்டேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது மிக நியாயமான ஏற்பாடாகத் தெரிந்தது.

பிறகு என் கைடைத் தவிர்க்க ஆரம்பித்தேன். அவர் வரும் நேரம் தெரிந்து வேறு படிக்கட்டில் இறங்குவேன். ஒருநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல். பொருள் என்ற இடத்தில் 'இயல் 2' என்று மட்டும் இருந்தது. திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. திறக்காமல் விட்ட ஒவ்வொரு நாளும், ஏன் இத்தனை நாள் பதில் இல்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வட்டி ஏறுகிற மாதிரி. பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் இன்னும் நாலு புத்தகம் படித்துவிட்டு எழுதலாம் என்று முடிவு செய்து, உண்மையிலேயே நாலு புத்தகம் படித்தேன். அதுதான் கொடுமை. யார் பார்த்தாலும் உழைக்கிற பெண் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஃபூஷியா சிரோய்ஸ், டிமொத்தி பிச்சில் ஆகியோர் 2013-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் சொல்கிறது: தள்ளிப்போடுதல் நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறு அல்ல, அந்த நேரத்து மனநிலையைத் தேற்றிக்கொள்ளும் ஒரு வழி. அந்த மின்னஞ்சலைத் திறந்தால் எனக்கு ஓர் உணர்வு வரும். வெட்கமோ பயமோ, நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்ற எண்ணமோ. திறக்காவிட்டால் அது வராது. இப்போதைக்கு வராது. அந்த 'இப்போதைக்கு' என்பதற்காக நாளைய என்னை அடகு வைத்தேன். நேர மேலாண்மைப் பயிலரங்குகளில் நாட்குறிப்பும் செயலியும் கொடுத்து அனுப்புகிறார்களே, அவை ஏன் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை என்று எனக்கு இதிலிருந்துதான் புரிந்தது. பயந்து ஓடுகிறவன் கையில் கடிகாரத்தைக் கொடுத்தால், எவ்வளவு நேரமாக ஓடுகிறான் என்று பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது நாள் மாட்டிக்கொண்டேன். நான் இறங்கிய அதே படிக்கட்டில் அவர் ஏறி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "ரூமுக்கு வா" என்றார். உள்ளே போனதும், "கடைசியா எழுதினது எது? அந்தப் பத்தியை மட்டும் படிச்சுக் காட்டு" என்றார். மடிக்கணினியைத் திறந்து தேடினேன். அந்தக் கோப்பை ஏழு வாரமாகத் தொட்டிருக்கவில்லை. படித்தேன். என் நினைவில் அந்தப் பத்தி ஒரு பெரிய அவமானமாக வளர்ந்து நின்றது. படித்தபோது அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியம் நொண்டியது, ஒரு சொல் இரண்டு முறை வந்திருந்தது. "அந்த மூணாவது வரியில என்ன சொல்ல வந்தே?" என்று கேட்டார். சொன்னேன். "சொன்ன மாதிரியே எழுதிடேன்" என்றார். எழுதினேன். அடுத்த வரி தானாக வந்தது. அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து நான் அங்கேயே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

மின்னஞ்சலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அன்று இரவு திறந்து பார்த்தேன். நூலகத்துக்கு ஒரு புதிய இதழ் வந்திருக்கிறது, இயல் 2-க்கு உதவும், போய்ப் பார் என்று இரண்டு வரி.

அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் குற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். நான் என்னை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. மன்னிப்பு என்று சொன்னால் ஆன்மிக வாசனை அடிக்கும் என்று எனக்குக் கூச்சம் உண்டு, ஆனால் இதற்கும் ஆய்வு இருக்கிறது. மைக்கேல் வோலும் பிச்சிலும் இன்னொருவரும் சேர்ந்து 2010-இல் வெளியிட்டது. முதல் இடைத்தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட முதலாண்டு மாணவர்களில், அதற்காகத் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் ரோஷம் வந்து படிப்போம் என்பதுதான் என் கணக்காக இருந்தது. திட்டத் திட்ட, அந்தப் பாடப்புத்தகத்தைப் பார்த்தாலே திட்டு ஞாபகம் வருகிறது. பிறகு எப்படித் திறப்பது?

ஊக்கம் பற்றி இரண்டு வார்த்தை. "மோட்டிவேஷன் இல்ல மேம்" என்பது என் அறையில் வாரம் ஒருமுறையாவது கேட்கும் வாசகம். மோட்டிவேஷன் என்பது எங்கோ கிளம்பி நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் பேருந்து போலவும், வந்ததும் ஏறிக்கொள்ளலாம் என்பது போலவும் பேசுவார்கள். பியர்ஸ் ஸ்டீல் என்ற ஆய்வாளர் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். இதை என்னால் முடிக்க முடியும் என்ற நம்பிக்கையும், முடித்தால் கிடைப்பதன் மதிப்பும் கூடினால் உந்துதல் கூடும். பலன் கிடைக்கும் நாள் தூரமாக இருந்தாலும், ஆள் சட்டென்று சபலப்படுகிறவராக இருந்தாலும் குறையும். கடைசி இரவில் 'வருவது' எதுவென்று இதை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. தூரம் சுருங்குகிறது, அவ்வளவுதான். திறமை புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: நேரம் போய்விட்டதால், இனி நன்றாக எழுத வேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது. என் மாணவி சொன்ன பிரஷர் உண்மையில் ஒரு விடுதலை என்று சந்தேகப்படுகிறேன். இரவு பத்து மணிக்கு அவளிடம் யாரும் சிறந்த கட்டுரையை எதிர்பார்க்க முடியாது. அவளே எதிர்பார்க்க மாட்டாள். ஆகவே கை ஓடுகிறது.

மதிப்பு என்பதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. 1971-இல் எட்வர்ட் டெசி மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து விளையாட விட்டார். நடுவில் ஒரு சாராருக்கு மட்டும் விடை கண்டுபிடித்தால் பணம் என்றார். பிறகு பணத்தை நிறுத்தியதும், அவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தக் கட்டைகளைத் தொடுவது குறைந்துபோனது. மதிப்பெண்ணும் ஒருவகைக் கூலிதான். 'இது இன்டர்னலுக்கு உண்டா மேம்?' என்று கேட்கும் மாணவனைக் கண்டு எரிச்சல்படுகிறோம். அந்தக் கேள்வியைப் பதினைந்து வருடமாகச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். இதில் இன்னொரு கூத்து, நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் ஐந்து கெடுவையும் ஒரே வாரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று ஆசிரியர் அறையில் அங்கலாய்ப்போம்.

கட்டுரைகளைத்தான் மாணவர்கள் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் அனுபவம். 1984-இல் சாலமன், ராத்பிளம் இருவரும் எடுத்த கணக்கும் அதையே சொல்கிறது. பருவக் கட்டுரை எழுதுவதை எப்போதுமோ ஏறத்தாழ எப்போதுமோ தள்ளிப்போடுவதாக 46 விழுக்காட்டினர் சொன்னார்கள். வாரப் பாடவாசிப்பில் அது 30, தேர்வுக்குப் படிப்பதில் 28-ஐ ஒட்டி. தேர்வுக்குக் கேள்வித்தாள் வரும், கேட்டதற்கு எழுதினால் போதும். கட்டுரையில் வெற்றுப் பக்கம். எங்கே தொடங்குவது என்பதே ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்கும்போது நாம் யார் என்பதும் கொஞ்சம் வெளியே தெரிந்துவிடுகிறது.

அதனால் போன ஆண்டு நான்காவது கட்டுரைக்கு ஒரு மாற்றம் செய்தேன். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பு, வகுப்பு நேரத்திலேயே, மதிப்பெண் இல்லாமல், எல்லோரும் ஒரே ஒரு பத்தி எழுத வேண்டும். எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். என் கைடிடம் திருடியதுதான். முடிந்ததும், அடுத்த பத்தியை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இது கோல்விட்சர், பிராண்ட்ஷ்டெட்டர் இருவரிடமிருந்து. அவர்கள் 1997-இல் வெளியிட்ட சோதனையில், விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னபோது, எப்போது எங்கே எழுதுவேன் என்று முன்பே குறித்துக்கொண்ட மாணவர்களில் நான்கில் மூன்று பங்கு போலச் செய்து முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். துண்டுத்தாளை நான் வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் ஒரு அசைன்மெண்ட் ஆகிவிடும்.

எல்லாத் தாமதமும் இந்தக் கதை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிற மாணவன் தள்ளிப்போடவில்லை, அவனுக்கு நேரமே இல்லை. மனச்சோர்வில் கிடப்பவருக்குத் துண்டுத்தாளால் ஒன்றும் ஆகாது; அவருக்கு வேண்டியது மருத்துவ உதவி. கவனக்குறைபாடு உள்ளவர்களின் கதையும் தனி. ஸ்வீடனில் 3,525 பல்கலைக்கழக மாணவர்களைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், அதிகம் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்பது மாதம் கழித்து மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கோளாறு, தனிமை உணர்வு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. தொடர்பு பெரிதல்ல, எது எதற்குக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும், எப்போதும் கடைசி நிமிடத்தில் வருகிறவர் திடீரென்று வராமலே போனால், நான் இப்போது மதிப்பெண் குறைப்பதற்கு முன் ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

அந்த நான்காவது கட்டுரைக்கு நேரப் பட்டியல் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. 11:50-க்கு மேல் வந்தவர்கள் பாதியாக இருந்தது மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, ஒரே ஒரு வகுப்பை வைத்து இதை வெற்றி என்று நான் கொண்டாடத் தயாரில்லை. ஆனால் என் மாணவியின் கட்டுரை கெடுவுக்கு முந்தின நாள் மாலை 4:20-க்கு வந்திருந்தது. திரும்ப ஒருமுறை தேதியைச் சரிபார்த்தேன்.

வழக்கமாக அவளுக்குப் பத்துக்கு எட்டரை, ஒன்பது வரும். இந்தக் கட்டுரைக்கு ஏழரை. எவ்வளவு யோசித்தும் அதற்கு மேல் போட முடியவில்லை. வழக்கத்தைவிடப் பெரிய கேள்வியை எடுத்திருந்தாள், நடுவில் வழி தவறியிருந்தாள். பழைய கட்டுரைகளில் இருந்த மினுக்கம் இதில் இல்லை. பதிலாக, எங்கே தடுக்கி விழுந்தாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. மதிப்பெண்ணை வெளியிட்டபோது எனக்கு உள்ளூரப் பயம்தான். சீக்கிரம் எழுதினால் குறையும் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டால்?

இரண்டு நாள் கழித்து அறைக்கு வந்தாள். கையில் கட்டுரையின் அச்சுப்பிரதி. என் குறிப்புகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் அவள் குறிப்புகள். இதற்கு முன் மூன்று கட்டுரைகளிலும் நான் எழுதிய குறிப்புகளை அவள் திறந்தே பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஏழரை போட்டிருக்கீங்க மேம்."

"ஆமா."

"சரிதான்னு நினைக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான்காவது பக்கத்தைத் திருப்பினாள். "இந்த இடத்துலதான் போச்சு, இல்ல?"